விருந்தாளி சாப்பிட்டு முடிக்காத மதியம்

ஹெதாங் என்ற ஆற்றங்கரை ஊரில் விருந்தாளி சாப்பிட்டு முடிக்காமல் பொழுது சாய்வதில்லை. மழைக்காலத்தில் படித்துறை வழுக்கும் என்பது எப்படித் தெரிந்ததோ அப்படி இதுவும் அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது, அதனால் யாரும் அதைப்பற்றிப் பேசுவதில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் சூரியன் சந்தைக் கூரைக்கு மேலே வந்து நின்றுகொள்ளும். அவர் கிண்ணத்தில் ஒரு வாய் மிச்சம் வைத்துவிட்டுச் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்ததும் தன் வழியைப் பார்த்துக்கொண்டு மேற்கே கிளம்பும். தென்சீனத்தின் அந்தப் பக்கத்தில் ஒரு வாய் மிச்சம் வைப்பதுதான் மரியாதை. அதற்கு வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். வழித்துத் துடைத்த கிண்ணமோ, இன்னும் பசிக்கிறது, நீங்கள் போட்டது போதவில்லை என்று வீட்டுக்காரரைப் பார்த்துச் சொல்லும், வீட்டுக்காரர் பதறிப்போய் மறுபடி நிரப்புவார். வந்த விருந்தாளிகள் எல்லாம் இந்த வழக்கம் அறிந்தவர்களாகவே இருந்ததால் சூரியன் கொஞ்சம் கால் மாற்றி நிற்கிற நேரத்துக்கு மேல் அங்கே நின்றதில்லை, தென்காசி உலகம்மை அந்த ஊருக்கு வந்து சேரும்வரை.

உலகம்மை தென்காசியில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தாள். கல்யாணம் ஆகவில்லை, ஆகவில்லையே என்று கேட்பவர்களும் கேட்டு ஓய்ந்துபோயிருந்தார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேர் குடும்பமும் சேர்ந்திருந்த வீட்டில், ஆண்கள் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, மதினியும் தம்பி பெண்டாட்டியும் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்படியில் சட்டியை மடியருகே இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிடுகிறவள் அவள். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. சமைக்கிறவள் பரிமாறுகிறாள், பரிமாறுகிறவள் கடைசியில் சாப்பிடுகிறாள், அவ்வளவுதான். குழம்பில் கிடந்த கடைசி முருங்கைக்காயும், பிள்ளைகள் தட்டில் ஒதுக்கி வைத்த கத்தரிக்காயும், அடிப்பிடித்த சோறும் அவளுக்கு வந்து சேர்ந்தன, அவள் ஒன்றையும் வீணாக்கியதில்லை. குற்றாலத்தில் சாரல் விழுந்த ஒரு சாயங்காலம், டிராகன் படம் போட்ட தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு, முட்டைக்கோஸும் மிளகுத்தூளும் தூக்கலாக இருந்த ஒரு ஃப்ரைட் ரைஸைத் தனியாகத் தின்றபோது, இதுவே இப்படி இருக்கிறதே, நிஜமான சீனச் சாப்பாடு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியது தோன்றியதுதான். அது பல வருஷம் அவள் நாக்கின் அடியிலேயே கிடந்தது.

"காசிக்கு ஒரு நடை போயிட்டு வாயேன் உலகு, இந்த வயசுல போனாத்தான் உண்டு," என்று அண்ணன் சொன்னபோது, "சீனாவுக்குப் போறேன்," என்றாள்.

வீடே சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது. அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே போனாள்.

அவள் சேர்ந்த சுற்றுலாவை நடத்தியவர் செல்லையா. சீனாவுக்குப் போனாலும் சிதம்பரத்துக்குப் போனாலும் ஒரு வேளைகூட நம்ம சாப்பாடு தப்பாது என்று சொல்லித்தான் அவர் ஆள் சேர்ப்பார், சொன்ன சொல்லையும் காப்பாற்றுவார். ஒரு சமையற்காரர், ஒரு பெரிய குக்கர், புளி, வடகம், பருப்புப்பொடி, காபித்தூள் எல்லாம் கூடவே பறந்து வந்தன. பெருஞ்சுவரைப் பார்த்துவிட்டுப் புளியோதரை, அரண்மனையைப் பார்த்துவிட்டுத் தயிர்சாதம். பஸ் ஜன்னல் வழியாக உலகம்மை கடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். மூங்கில் கூடைகளிலிருந்து ஆவி எழும், யாரோ ஒருவர் நூடுல்ஸை வானத்துக்கும் பூமிக்குமாக இழுத்துக்கொண்டிருப்பார், வாத்துகள் தேன் நிறத்தில் வரிசையாகத் தொங்கும், அவள் மடியில் எலுமிச்சைச் சாதம் ஆறிக்கொண்டிருக்கும். ஹெதாங்கில் பழைய கல்பாலத்தைப் பார்க்க இறங்கி, எல்லோரும் பூங்காவில் ஜமக்காளம் விரித்து பேப்பர்த் தட்டை எடுத்தபோது, அவள் "கை கழுவிட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டு முதல் தெருவில் திரும்பி, இஞ்சி வாசனை வந்த பக்கமாக நடந்தாள்.

வாசனை ஆ-ஃபெங்கின் சாப்பாட்டுக் கடையில் முடிந்தது. நிலைப்படிக்கு எதிரே ஆறு, நிலைப்படிக்கு உள்ளே கருத்த மரமேசைகள், வாசலை ஒட்டி ஒரு சிவப்புப் பெட்டி. உலகம்மை உள்ளே போகக் கூச்சப்பட்டு, வெளியே கிடந்த மீன்தொட்டியை ரொம்ப நேரம் பார்ப்பதுபோல நின்றாள். அடுப்பிலிருந்து எட்டிப் பார்த்த ஆ-ஃபெங், கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். தன் வயதுதான் இருக்கும் என்று உலகம்மைக்குத் தோன்றியது. ஆ-ஃபெங்கின் மகள் யுன் இங்கிலீஷ் பேசினாள்.

"என்ன சாப்பிடுறீங்க ஆயி?" ஆயி என்றால் அங்கே சித்தி மாதிரி.

உலகம்மை இரண்டு விரலைத் தலையில் கொம்பாக வைத்துக்காட்டி, வேண்டாம் என்று கையை ஆட்டினாள். பிறகு மூக்கு நுனியை மேலே தூக்கிக்காட்டி அதற்கும் ஆட்டினாள். யுன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மாடு வேண்டாம், பன்னி வேண்டாம். வேற?"

"வேற எல்லாம் கொண்டா தாயி."

முதலில் கஞ்சி வந்தது. கஞ்சி என்றால் காய்ச்சல்காரர் குடிப்பது என்று நினைத்திருந்தவளுக்கு, அரிசி பூத்து மலர்ந்து பட்டுபோல நின்ற அந்தக் கஞ்சியில் இஞ்சிக் கீற்றும் வெங்காயத்தாளும் மீன் துண்டும் மிதந்ததைப் பார்த்ததும் தன் வீட்டு அரிசியிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. தொட்டுக்கொள்ள உப்பில் ஊறிய முள்ளங்கியை முட்டையில் அடித்துப் பொரித்திருந்தார்கள். அவள் குச்சிகளை ஓரமாக வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். கிண்ணம் கழுவியதுபோல இருந்தது. அதைப் பார்த்த ஆ-ஃபெங் முகம் சிவந்து, ஐயோ என்பதுபோல ஏதோ சொல்லிக்கொண்டு ஓடிப்போய், ஆவியில் வெந்த ஒரு முழு மீனைக் கொண்டுவந்தாள், கொதிக்கிற எண்ணெயை அதன் மேல் ஊற்றினாள், சோற்றை அள்ளிக் கிண்ணத்தில் குவித்தாள். உலகம்மையும், போட்டதை மிச்சம் வைத்தால் போட்டவள் மனசு என்னவாகும் என்று நினைத்து, அதையும் காலி செய்தாள். மறுபடி கிண்ணம் நிரம்பியது. மறுபடி காலியானது. சந்தைக் கூரைக்கு மேலே வந்த சூரியன் அங்கேயே நின்றது.

சாப்பிடச் சாப்பிட வயிறு நிறைய வேண்டும், ஆனால் மதியம் நின்றால் மதியப் பசியும் நிற்கத்தானே செய்யும், அதனால் உலகம்மைக்கு முதல் வாய் சாப்பிட்டபோது இருந்த பசி ஒவ்வொரு வாய்க்கும் அப்படியே இருந்தது. அது அவளுக்கு மட்டுமல்ல. ஊர் முழுக்க, சாப்பிட்டு எழுந்தவர்களுக்கெல்லாம் மறுபடி பசித்தது, அவர்கள் மறுபடி உலை வைத்தார்கள்.

"யார் வீட்டுல விருந்தாளி?" என்று தெருவில் யாரோ கேட்டார்கள்.

"ஆ-ஃபெங் கடையில. கறுப்பா, பொட்டு வச்சிருக்கா. நல்லாச் சாப்பிடுறா."

"சாப்பிடட்டும் சாப்பிடட்டும்."

அதற்குமேல் யாரும் விசாரிக்கவில்லை, ஆளாளுக்கு நீண்டுபோன மதியத்தைத் தங்கள் வசதிப்படி எடுத்துக்கொண்டார்கள். சோயா சாஸ் காய்ச்சுகிறவர்கள் ஜாடிகளின் மூங்கில் மூடிகளைத் திறந்து வெயில் காட்டினார்கள். ஆரஞ்சுத் தோல் உலர்த்துகிறவர்கள் அடுத்த மாதத்துத் தோலையும் இப்போதே உரித்துக் கூரையில் பரப்பினார்கள். அடைமழையில் நனைந்து நாறிக்கொண்டிருந்த மெத்தைகள் எல்லாம் பால்கனிகளில் ஏறின. பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்தது அடித்ததுதான், வகுப்புக்குப் போகும் மணி வரவேயில்லை, வாத்தியார்கள் மேஜையில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருக்க, பிள்ளைகள் ஆற்றில் குதித்தார்கள். சண்டை போட்டுக்கொண்டு சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று பிரிந்திருந்த தம்பதி ஒன்று, சாயங்காலம் வருவதாக இல்லை என்று கண்டு நடு வெயிலிலேயே சமாதானம் ஆனது. கடிகாரங்களை யாரும் குறை சொல்லவில்லை. அவை ஓடுவதை நிறுத்திவிட்டு ஓய்வெடுத்தன.

குறைப்பட்டவர் ஒருவர்தான். படித்துறை ஓரத்தில் அந்தி சாய்ந்தபிறகு அடுப்புப் பற்றவைத்துச் சிப்பி முட்டை தோசை சுடுகிற லாவ் சென், ஊற்றவேண்டிய மாவைக் கலந்து வைத்துக்கொண்டு, பற்றவைக்காத அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"மத்தியானத்துல போட்டா என்னங்க?" என்று கேட்டவரிடம், "இது ராத்திரிச் சரக்கு. வெளிச்சத்துல இதோட மூஞ்சியப் பாத்தா நீயே வாங்க மாட்டே," என்றார்.

ஆனாலும் ஆ-ஃபெங்கின் கடையில் காய்கறி தீர்ந்துபோகிறது என்று தெரிந்ததும் முதலில் எழுந்து போனவர் அவர்தான். ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஊருக்கே வந்த மாதிரி என்பதால் ஆளுக்கொரு பாத்திரத்தோடு வந்தார்கள். சேப்பங்கிழங்கைப் பாகில் புரட்டி உப்புத் தூவியது, தடியங்காய்ப் பூசணியைக் குடைந்து அதற்குள்ளேயே கொதிக்கவைத்த சூப்பு, இட்லித் துணி மாதிரி மெல்லிய அரிசி மாவுத் தகட்டில் இறாலைச் சுருட்டியது, பட்டையும் அன்னாசிப்பூவும் போட்டு நாள் முழுக்க வெந்த வாத்து, தொட்டால் அழுதுவிடும்போல நடுங்கிய சோயாக்கட்டி டோஃபு. அன்னாசிப்பூவை வாயில் கண்டதும் உலகம்மைக்குச் சொந்தக்காரரைச் சந்தையில் பார்த்த மாதிரி இருந்தது. லாவ் சென் கொண்டுவந்தது ஒரு தட்டுக் கீரை, புளித்த டோஃபுவோடு வதக்கியது. அவர் அதை அவள் முன்னால் வைத்துவிட்டு, "மெதுவாச் சாப்பிடு, மெதுவாச் சாப்பிடு," என்று அந்த ஊர் வழக்கப்படி உபசாரம் சொன்னார், சொன்ன பிறகு தன் பிழைப்பு ஞாபகம் வந்து, "ரொம்ப மெதுவா வேண்டாம்," என்று முணுமுணுத்துக்கொண்டு போனார். யுன் இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது உலகம்மைக்குப் புரையேறியது.

தன் கிண்ணத்தை இன்னொரு பெண் பார்த்துக்கொண்டே நின்று, கேட்காமலேயே நிரப்புவது உலகம்மைக்கு இதற்குமுன் நடந்ததில்லை. அவளுக்கு அது கீரையையும் வாத்தையும்விட ருசியாக இருந்தது. அப்படி இருந்தது என்று அவள் யாரிடமும் சொல்லமாட்டாள்.

செல்லையா தேடிக்கொண்டு வந்தார். வியர்த்திருந்தார்.

"எக்கா, இங்கயா இருக்கிய? பஸ்ஸு நாலு மணிக்குல்லா. நாலே ஆக மாட்டேங்கு. எல்லாருக்கும் ரெண்டாந்தடவ பசிச்சு, தயிர்சாதமும் காலி. காபி காபின்னு கெடந்து பறக்காவ."

"போட்டுக் குடுக்க வேண்டியதுதான?"

"சாயங்காலக் காபிய மத்தியானத்துல குடிச்சா தலவலி வரும்ங்காவ. மாஸ்டரும் போட மாட்டேங்கான்." அவர் மேசையைப் பார்த்தார். வாத்தைப் பார்த்தார். "இதெல்லாம் சாப்பிடலாமா எக்கா?"

"உக்காந்து பாருங்க."

செல்லையா தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு துண்டு வாத்து, ஒரு கரண்டி சூப்பு, பிறகு எள்ளு தூவிய இன்னொரு துண்டு வாத்து. எழுந்திருக்கும்போது, "குரூப்ல சொல்லிராதிய," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வாயோரத்தில் எள்ளு ஒட்டியிருந்ததால் அவள் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் குரூப்பில் பாதிப் பேர் அந்தத் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் ஆளுக்கொரு வாசலில் நின்று, தலையில் கொம்பு வைத்துக்காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களெல்லாம் தாராளமாக மிச்சம் வைத்தார்கள். சூரியன் அவர்களைச் சட்டை செய்யவில்லை, முதலில் உட்கார்ந்தவள் இன்னும் எழவில்லையே.

யுன் மட்டும் எங்கும் உட்காரவில்லை. சிவப்புப் பெட்டிக்கும் படித்துறைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். கடைசியில் உலகம்மைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஆயி, அந்தப் பெட்டி என்னோடது. மாலைப் படகுல நான் பட்டணம் போகணும். பெரிய ஓட்டல், அங்க அடுப்புல வேலை. நாளைக்குக் காலையில போய் நிக்கலைன்னா வேற ஆளை எடுத்துடுவாங்க."

"போக வேண்டியதுதான தாயி?"

"மாலைப் படகு மாலையிலதான் வரும்."

உலகம்மை திரும்பி ஆற்றைப் பார்த்தாள். தண்ணீர் தகரம் மாதிரி மின்னியது. படித்துறைக் கல்லில் நிழலே இல்லை. யுன் கிண்ணத்தையும் சூரியனையும் மாறி மாறிக் காட்டி, இந்த ஊர் வழக்கத்தை, துணி காயப்போடுவது எப்படி என்று சொல்கிற தொனியில் சொல்லி முடித்தாள். உலகம்மைக்கு ஆச்சரியம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. ஊரையே காக்கவைத்துத் தின்றிருக்கிறோமே என்று முகத்தை முந்தானையால் துடைத்தாள்.

"ஒரு வாய் மிச்சம் வையுங்க ஆயி. ஒரே ஒரு வாய்."

"அவ்வளவுதான?" என்றாள் உலகம்மை.

அது அவ்வளவுதான் இல்லை. கிண்ணத்தின் அடியில் ஒரு வாய்ச் சோற்றை ஒதுக்கிவைத்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். அந்த ஒரு வாய் அவளைப் பார்த்தது. தட்டுகளில் ஒதுக்கப்பட்டு அவளிடம் வந்து சேர்ந்த எத்தனையோ கத்தரிக்காய்கள் இப்படித்தான் பார்த்திருக்கின்றன. மிச்சம் என்பது காற்றில் போவதில்லை. அதை அடுப்படியில் ஒருத்தி உட்கார்ந்து தின்று தீர்க்கவேண்டும், அது அவளுக்குத் தெரிந்த அளவு அந்த மேசையைச் சுற்றி நின்ற யாருக்கும் தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோது, அடுப்பின் பக்கத்தில் ஆ-ஃபெங் முதுகைத் திருப்பிக்கொண்டு, சட்டியின் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை நீள மதியத்தில் அவள் ஒருமுறைகூட உட்காரவில்லை. உலகம்மையின் கை தானாகப் போய் அந்த ஒரு வாயை எடுத்துக்கொண்டது.

யுன் தலையில் கைவைத்தாள். ஆ-ஃபெங் ஓடிவந்து கிண்ணத்தை நிரப்பினாள், நிரப்பியவள் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை, பெட்டி இருந்த பக்கமும் பார்க்கவில்லை. முதல் கிண்ணங்களை அவள் பதற்றத்தில் நிரப்பினாள் என்பதும், எப்போதோ ஒரு கிண்ணத்தில் விஷயம் அவளுக்கு விளங்கிவிட்டது என்பதும், அதிலிருந்து அவள் அகப்பை குவிந்து வருகிறது என்பதும் உலகம்மைக்கு அப்போதுதான் தெரிந்தது. இந்த மதியம் இருக்கும்வரை பெட்டி வாசலிலேயே இருக்கும். மகள் கண்ணெதிரே நடந்துகொண்டிருப்பாள்.

"உங்கம்மாவுக்கு நீ போறதுல இஷ்டமில்லையா?" என்று கேட்டாள்.

"போன்னுதான் சொன்னாங்க. பெட்டியே அவங்கதான் அடுக்குனாங்க," என்றாள் யுன். பெட்டியைத் திரும்பிப் பார்த்து, "மிளகாய் ஊறுகாய் அஞ்சு பாட்டில் வச்சிருக்காங்க. தூக்கவே முடியல," என்றாள்.

உலகம்மை சாப்பிட்டாள். இப்போது ருசி மாறிவிட்டிருந்தது. தான் உட்கார்ந்திருந்தால் ஒருத்திக்குச் சுகம், இன்னொருத்திக்கு வேலை போகிறது. தனக்கும் எழுந்திருக்க இஷ்டமில்லை, எழுந்தால் தென்காசி அடுப்படி. எழாவிட்டால் இந்தப் பெண்ணின் பெட்டி இங்கேயே இருந்து துருப்பிடிக்கும். மிச்சம் வைக்கவும் கை வராது. இப்படி யோசித்துக்கொண்டே ஒரு கிண்ணம் நூடுல்ஸையும் ஒரு கிண்ணம் காளானையும் முடித்தாள். தெருவில் எல்லோருக்கும் லேசாகச் சலிப்பு வர ஆரம்பித்திருந்தது. மெத்தைகள் காய்ந்து மொறுமொறுத்தன. ஆற்றில் குதித்த பிள்ளைகள் விரல் சுருங்கிக் கரையேறி, வகுப்பு எப்போது என்று அவர்களே வாத்தியாரை எழுப்பினார்கள். வாத்துக் கூட்டம் வீட்டுக்குத் திரும்பும் நேரம் தெரியாமல் ஆற்று நடுவில் வட்டமடித்தது.

ஆ-ஃபெங்கிடம் சமைக்க இனி ஒன்றும் இல்லை என்று நினைத்தபோது, அவள் குனிந்து மூங்கில் கூடையிலிருந்து ஒரு பச்சைப் பொட்டலத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். அது மகள் படகில் சாப்பிடுவதற்கான பொட்டலம் என்று யுன்னின் கண்கள் போன போக்கில் தெரிந்தது. தாமரை இலையில் சுற்றி ஆவியில் வேகவைத்த ஒட்டரிசிச் சோறு. ஆ-ஃபெங் கயிற்றை அவிழ்த்தாள். இலை நாலு பக்கமும் விரிந்து மேசையை மூடியது. நடுவில் பொன்னிறச் சோறு, அதற்குள் காளான், வேர்க்கடலை, உப்பு முட்டையின் மஞ்சள் கரு, எல்லாவற்றுக்கும் மேலே குளத்து வாசனை.

ஊரை விட்டு வந்ததிலிருந்து உலகம்மை இலையைப் பார்த்திருக்கவில்லை. கரண்டியைத் தள்ளிவைத்துவிட்டுக் கையாலேயே சாப்பிட்டாள். அவசரப்படவில்லை, பருக்கை பருக்கையாக, மஞ்சள் கருவை ஓரத்தில் வைத்துக் கடைசிக்கு முந்திய வாயில் பிசைந்து, விரலில் ஒட்டியதையும் விடாமல் சாப்பிட்டாள். வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒரு பருக்கைகூட இல்லாத இலையைப் பார்த்து லாவ் சென் "போச்சு," என்றார். ஆ-ஃபெங் அகப்பையை எடுத்தாள்.

அப்போது உலகம்மை, எந்தக் கல்யாணப் பந்தியிலும் எல்லோரும் செய்வதுபோல, யோசிக்காமல், இலையின் மேல் விளிம்பைப் பிடித்துத் தன்னை நோக்கி மடித்து மூடினாள்.

"போதும்," என்றாள்.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவளுக்கே கேட்டது. எத்தனையோ பந்திகளில், வீட்டில் எத்தனையோ வேளைகளில், கையில் வாளியோடு நின்று மற்றவர்கள் சொல்லக் கேட்ட சொல். அவளிடம் யாரும் போதுமா என்று கேட்டிராததால் அவள் அதைச் சொல்லவேண்டி வந்ததேயில்லை. சொல்லிப் பார்க்க நன்றாக இருந்தது. நெஞ்சில் ஏதோ ஒன்று சாவகாசமாகக் காலை நீட்டி உட்கார்ந்தது.

ஆ-ஃபெங் அகப்பையோடு நின்றாள். சாப்பிட்டு மூடிய இலையை அவள் இதுவரை பார்த்ததில்லை, அதற்கு அர்த்தம் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, ஆனால் மூடிய இலையில் சோறு போடமுடியாது என்பது பரிமாறுகிறவள் யாருக்கும் புரியும். மிச்சமும் இல்லை, பசியும் இல்லை. அவள் இடது கை மெல்லப் போய் இலையின் விளிம்பைத் தொட்டது, தூக்கிப் பார்க்கலாமா என்பதுபோல. உலகம்மை இலையின் மேல் கைவைக்கவில்லை.

"அம்மா," என்றாள் யுன்.

ஆ-ஃபெங் விளிம்பிலிருந்து கையை எடுத்தாள். அகப்பையைச் சட்டிக்குள் வைத்தாள். அது சட்டியின் அடியில் தட்டிய சத்தத்தோடு, படித்துறையின் மேல்கல்லில் ஒரு நூல் அகலத்துக்கு நிழல் விழுந்தது.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தன. பள்ளிக்கூட மணி அடித்தது, அடித்த வேகத்திலேயே விடுகிற மணியும் அடித்தது. மெத்தைகள் இறங்கின, வாத்துகள் வரிசை கட்டின, பூங்காவிலிருந்து காபி மணம் எழுந்து தெருவெல்லாம் பரவ, இது என்ன புதுச் சாமான் என்று ஊர்க்காரர்கள் மூக்கைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்கள். லாவ் சென் ஓடினார். ஆற்றின் வளைவில் படகு தெரிந்தது, நெடுநேரமாக அங்கே காத்திருந்ததுபோல.

அழுகை ஒன்றும் பெரிதாக இல்லை. ஆ-ஃபெங் மகளின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள், சரியாக இருந்ததை மறுபடி சரிசெய்தாள். யுன் பெட்டியைத் திறந்து ஊறுகாய் பாட்டில் இரண்டை எடுத்து வெளியே வைத்தாள். ஆ-ஃபெங் ஒன்றை உள்ளே வைத்தாள். அந்தக் கணக்கில் இரண்டு பேரும் சமாதானம் ஆனார்கள். பெட்டியை உலகம்மை ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, மூன்று பேரும் படியிறங்கினார்கள்.

"ஆயி, என் படகுச் சோத்தை நீங்க சாப்பிட்டுட்டீங்க," என்றாள் யுன், ஏறுவதற்கு முன்னால்.

"நல்லாருந்துச்சு தாயி."

"தெரியும். நான் கட்டினது."

படகு நகர்ந்து, நடு ஆற்றுக்குப் போய், வளைவில் திரும்பியது. ஆ-ஃபெங் படித்துறையிலேயே நின்றாள். செல்லையா காபி டம்ளரோடு வந்து, "எக்கா, பஸ்ஸு," என்றார்.

"இன்னும் ஒரு பந்தி இருக்கு. பொறுங்க," என்றாள் உலகம்மை.

அவள் ஆ-ஃபெங்கின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்காரவைத்தாள். அடுப்படிக்குள் போனாள். சட்டி எங்கே, அகப்பை எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை, எல்லா அடுப்படியும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. கஞ்சியைச் சூடாக்கி, கொஞ்சம் இஞ்சியை நறுக்கிப் போட்டு, லாவ் சென் கடையிலிருந்து அன்றைக்கு முதலில் சுட்ட சிப்பி தோசையையும் வாங்கிவந்து வைத்தாள். ஆ-ஃபெங் எழுந்திருக்கப் பார்த்தாள், உலகம்மை தோளை அமுக்கினாள். ஆ-ஃபெங் கொஞ்சநேரம் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாப்பிட ஆரம்பித்தாள், முதலில் விருந்தாளி மாதிரி, பிறகு பசித்தவள் மாதிரி.

அவள் விருந்தாளி இல்லை, அந்த ஊர்க்காரி, அதனால் பொழுது அவளுக்காக நிற்கவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. செல்லையா நிலைப்படியில் உட்கார்ந்து, ஆறிய காபியைத் தானே குடித்தார். உலகம்மை மேசைக்குப் பக்கத்தில் அகப்பையோடு நின்றாள். ஆ-ஃபெங் கடைசிச் சொட்டுவரை வழித்துக் குடித்துவிட்டு, மூக்கை உறிஞ்சி, யாரிடமும் அதுவரை நீட்டியிராத கிண்ணத்தை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினாள்.